பட்டணத்துப் பையன்களும் கேம்பிரிட்ஜ் என்ற பட்டிக்காடும்

பினாங்கில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு சிந்தோக்கிலோ தஞ்சோங் மாலிமிலோ யூனிவர்சிட்டி சீட்டு கிடைத்துவிட்டால் நடக்கும் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு அங்கே நல்ல சாப்பாட்டுக்கடை இருக்குமா என்ற கவலை. பிள்ளை கூகுள் மேப்பில் முதலில் தேடுவது பக்கத்து சினிமா தியேட்டரை. முதல் வாரமே போன் வரும்: “ஒன்பது மணிக்கு மேல ஊரே தூங்கிடுதும்மா!” உடனே அப்பா போனைப் பிடுங்குவார். “அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆளெல்லாம் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய்ப் படிச்சான். உனக்கு சிந்தோக் கசக்குதா?”

அப்பாவிடம் யாரும் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து கேம்பிரிட்ஜும் ஒரு சிந்தோக்தான். காட்டுக்குப் பதில் வயல், அவ்வளவுதான்.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். 1901இல் தலையெண்ணியபோது கேம்பிரிட்ஜில் 40 ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை. அதே வருஷம் நம்ம ஜார்ஜ் டவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்சம் அவமானம் வேண்டுமா? கும்பகோணத்தில் கிட்டத்தட்ட 60 ஆயிரம். கும்பகோணத்துக் காலேஜை ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று காலரைத் தூக்கிச் சொல்வார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான் ‘இங்கிலாந்தின் கும்பகோணம்’ என்று போர்டு மாட்டியிருக்க வேண்டும்.

சட்டப்படி அப்போது கேம்பிரிட்ஜ் நகரமே இல்லை, வெறும் டவுன். நியூட்டன் வந்து போனார், டார்வின் வந்து போனார், டவுன் டவுனாகவே இருந்தது. பக்கத்தில் ஈலி என்று ஒரு ஊர். அந்தக் காலத்தில் பத்தாயிரம் பேர்கூடக் கிடையாது, ஆனால் பெரிய கதீட்ரல் ஒன்று இருந்ததால் அது ‘சிட்டி’. கேம்பிரிட்ஜுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 1951இல். உலகத்துக்கே பட்டம் கொடுத்த ஊர், தனக்கு ஒரு பட்டம் வாங்க எழுநூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது.

சரி, இந்த ஊருக்கு நம்ம பட்டணத்திலிருந்து ஒரு பையன் போனான். 1879இல் பினாங்கில் பிறந்த சீனப் பையன். பின்னாளில் வூ லியன் தே என்ற பெயரில் மஞ்சூரியாவில் பிளேக்கை மடக்கி, 2021இல் கூகுள் டூடுல் வரைக்கும் போன மாஸ்க் டாக்டர் அவர்தான். அந்தப் புகழெல்லாம் பிறகு. 1896இல் அவருக்கு வயது 17. அப்பா பொற்கொல்லர், வீட்டில் 11 பிள்ளைகள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் அடித்து, கப்பலேறினார். 11 பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவனுக்குத் தனி அறை கிடைக்க ஒரே வழி ஸ்காலர்ஷிப்தான்.

அவர் வளர்ந்த ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் எந்நேரமும் கப்பல். கூப்பிடு தூரத்துக்குள் தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஒரு மீன் வாங்க நாலு பாஷை தெரிந்திருக்க வேண்டும். ரகசியச் சங்கங்கள் 1867இல் பத்து நாள் தெருவில் அடித்துக்கொண்ட கதையைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பார். பத்து நாள் கலவரம் நடத்துவதற்கும் ஒரு ஊருக்கு யோக்கியதை வேண்டும், சின்ன ஊரில் இரண்டாம் நாளே ஆள் தீர்ந்துபோகும்.

அவருக்கு 15 வயதாக இருந்த 1894இல் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியது. நகரத்தார் அதில் முருகனை ஏற்றி, பினாங்கு தெரு கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் தைப்பூசத்துக்கு இழுத்துப் போனார்கள். இன்றைக்கும் போகிறார்கள். வழியில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். உடைப்பதில் போட்டி வைத்தால் சீனர்கள் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். ஊரே ராத்திரி முழுக்க விழித்திருக்கும், மறுநாள் காலையில் தெருவெல்லாம் இளநீர் வாசனை.

அதே 1894இல் கேம்பிரிட்ஜ் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பல்கலைக்கழகம் தன் கையில் இருந்த ஜெயிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

ஆமாம், ஜெயில். ‘ஸ்பின்னிங் ஹவுஸ்’ என்று பெயர். மாணவர்களை அடைக்க என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு விக்டோரியா காலத்து ஒழுக்கம் புரியவில்லை. மாணவனோடு நடந்து போகும் பெண்ணைப் பார்த்து, ‘இவள் நடை சரியில்லை’ என்று பல்கலைக்கழக அதிகாரிக்குத் தோன்றினால் போதும், பிடித்து உள்ளே போடலாம். கூட நடந்த பையன் அறைக்குப் போய்த் தூங்கலாம். பார்லிமெண்டே தலையிட்டு அந்த அதிகாரத்தைப் பிடுங்கியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நம்ம பினாங்குப் பையன் பெட்டியோடு போய் இறங்குகிறார்.

இறங்கிய ஸ்டேஷனே ஒரு தனிக் கதை. 1845இல் ரயில் வந்தபோது பல்கலைக்கழகத்துக்கு நெஞ்சு படபடத்தது. ரயில் என்றால் லண்டன், லண்டன் என்றால் பையன்கள் கெட்டார்கள்! ஊருக்கு நடுவில் வரவேண்டிய ஸ்டேஷன் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்பதற்கு இவர்கள் பிடித்த அடம்தான் காரணம் என்பது ஊர்ப் பேச்சு. ஊர்ப் பேச்சை விடுங்கள், சட்டத்திலேயே இருப்பதைக் கேளுங்கள். பல்கலைக்கழக அதிகாரிகள் ஸ்டேஷனுக்குள் வந்து எந்தப் பையன் எங்கே போகிறான் என்று விசாரிக்கலாம். இவனை ஏற்றாதே என்றால் ரயில்வே ஏற்றக்கூடாது, அவன் டிக்கெட் வைத்திருந்தாலும். ஹாஸ்டல் வார்டன் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதற்கே புலம்பியவர்கள் நாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஸ்டேஷனில் ஆள் ஏற்றவோ இறக்கவோ கூடாது, மீறினால் கம்பெனிக்கு அபராதம். 1851இல் கம்பெனிக்காரர்கள் மலிவு விலையில் ஞாயிறு உல்லாசப் பயணம் என்று விளம்பரம் செய்துவிட, துணைவேந்தர் காரி கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். இது பல்கலைக்கழகத்துக்குப் பிடிக்கவில்லை, கடவுளுக்கும் பிடிக்காது என்பது கடிதத்தின் சாரம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பல்கலைக்கழகம், பிறகுதான் கடவுள்.

பையனின் பெயருக்கும் கொஞ்சம் சேதாரம் ஆயிற்று. அவர் ங்கோ லியன் டக். சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கிலேயப் பதிவேட்டுக்கு அந்த நுணுக்கமெல்லாம் ஏது? கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டி ‘ஜி. எல். டக்’ ஆக்கிவிட்டார்கள். ஏர்போர்ட்டில் யாரோ “மிஸ்டர் கோவிந்தசாமி!” என்று கூப்பிட, நம்மை இல்லை, அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்த எந்தத் தமிழனுக்கும் இந்த வேதனை விளங்கும்.

அவர் சேர்ந்தது இம்மானுவேல் காலேஜ். 1584இல் ஆரம்பித்தது. எலிசபெத் ராணியின் நிதியமைச்சர் வால்டர் மில்ட்மே, டொமினிக்கன் துறவிகள் மடம் இருந்த இடத்தை வாங்கிக் கட்டினார். அவர் தீவிர சீர்திருத்தக்காரர், பழைய மடத்தின் மேல் மரியாதை கிடையாது. துறவிகள் ஜபம் செய்த கோயிலைச் சாப்பாட்டுக்கூடமாக மாற்றிவிட்டார். பிரார்த்தனை நடந்த இடம் என்பதால்தானோ என்னவோ, அங்கே சாப்பிட உட்கார்ந்த பல தலைமுறை மாணவர்கள் மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

என்ன சாப்பாடு? வேக வைத்த ஆட்டிறைச்சி, வேக வைத்த உருளைக்கிழங்கு, வேக வைத்த முட்டைக்கோஸ். வெள்ளைக்காரன் மிளகுக்காகக் கப்பல் விட்டு உலகத்தையே சுற்றிப் பிடித்தான், சமையலறைக்கு மட்டும் அந்த மிளகைக் கொண்டுபோக மறந்துவிட்டான். நாசி கண்டாரைப் பெற்றெடுத்த ஊரிலிருந்து போன பையன் இந்த மூன்று வேகவைத்தல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காலேஜ் குளத்தில் வாத்துகள் வேறு. துறவிகள் மீன் வளர்த்த குளம், இப்போது வாத்துகளுக்கு ராஜ மரியாதை. பினாங்குச் சீன வீட்டுப் பிள்ளை ஒருவன் கொழுத்த வாத்துகளை மூன்று வருஷம் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இதற்கே ஒரு ஹானர்ஸ் டிகிரி கொடுத்திருக்கலாம்.

ராத்திரி சட்டம் இன்னும் பிரமாதம். இருட்டினால் மாணவன் கறுப்பு கவுன், சதுரத் தொப்பியோடுதான் தெருவில் நடக்கலாம். கண்காணிக்க ‘பிராக்டர்’ என்று ஒரு பல்கலைக்கழக அதிகாரி, அவர் பின்னால் உயரத் தொப்பி வைத்த இரண்டு அடியாட்கள். அந்த அடியாட்களின் உத்தியோகப் பெயர் ‘புல்டாக்’. கவுன் இல்லாதவனைப் பார்த்தால் பிராக்டர் தொப்பியைத் தூக்கி மரியாதையாகப் பெயர் கேட்பார். பையன் ஓடினால் புல்டாக் துரத்தும். மாட்டினால் ஃபைன் 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. ஏன் இந்த ரவுண்டு இல்லாத தொகை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ஃபைன் இருந்திருக்கும்.

பத்து மணிக்கு காலேஜ் கேட் பூட்டு. தாமதமாக வந்தால் காசு, நடுநிசிக்கு மேல் வந்தால் வம்பு. அதனால் சுவர் ஏறுவது அங்கே ஒரு கலையாகவே வளர்ந்தது. 1937இல் கேம்பிரிட்ஜ் கட்டடங்களில் ராத்திரி ஏறுவது எப்படி என்று போட்டோவோடு புத்தகமே போட்டார்கள். நம்ம ஹாஸ்டல் பசங்கள் செகண்ட் ஷோ பார்த்துவிட்டுச் சுவர் ஏறினால் ஒழுங்கீனம், இங்கிலாந்தில் ஏறினால் இலக்கியம்.

லியன் டக் போன முதல் வருஷமே ஊரில் ஒரு திருவிழா நடந்தது. 1897 மே 21. பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு. பெண்கள் ஏற்கெனவே அங்கே படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள். அதுதான் பிரச்சினை. எதிர்த்து ஓட்டுப் போட ஊர் ஊராகப் பழைய மாணவர்கள் ரயில் பிடித்து வந்தார்கள் (இந்த ரயில் கடவுளுக்குப் பிடித்திருக்கும்). செனட் ஹவுஸுக்கு எதிரே சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏறக்குறைய 1,700 பேர் கூடாது என்றார்கள், 660 பேர் சரி என்றார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் அறிவுலகத்தின் செல்வங்கள் அந்தப் பொம்மையைக் கிழித்தெறிந்தன.

பினாங்குப் பையன் இதற்கெல்லாம் நடுவில் என்ன செய்தார்? படித்தார். முதல் வகுப்பு, பரிசு, ஸ்காலர்ஷிப் என்று அள்ளினார். அபாரமான உழைப்பு, மேதைமை என்றெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். என் தியரி வேறு: பத்து மணிக்குக் கேட் பூட்டுகிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில் இல்லாத ஊரில், மிளகாய் இல்லாத ஊரில் ஒரு மனுஷன் படிக்காமல் வேறு என்னதான் செய்வான்?

லண்டன், லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனி என்று சுற்றிவிட்டு 1903இல் ஊர்ப்பக்கம் திரும்பினார். அத்தனை பட்டத்தையும் பார்த்த காலனி அரசு, டாக்டர் உத்தியோகத்தில் உயர்ந்த இடமெல்லாம் ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று கையை விரித்தது. சூலியா தெருவில் சொந்தமாக கிளினிக் போட்டார். சும்மா இராமல் அபினியை ஒழிக்கிறேன் என்று இயக்கம் நடத்தினார். அரசாங்கத்தின் கல்லாப்பெட்டியே அபினி வருமானத்தில் நிரம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அவர் மருந்தகத்தில் சோதனை. மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபினிக் கரைசல் அகப்பட்டது. அபினியை டன் கணக்கில் விற்க லைசென்ஸ் கொடுத்த அரசாங்கம், அபினி எதிர்ப்புச் சங்கத் தலைவருக்கு லைசென்ஸ் இல்லாமல் அபினி வைத்திருந்ததாக அபராதம் போட்டது. மூட்டையைக் கட்டிச் சீனாவுக்குப் போய்விட்டார்.

1910 கடைசியில் ஹார்பினில் பிளேக். மூச்சு வழியே பரவுகிறது, முகத்தில் துணி கட்டுங்கள் என்றார் 31 வயது டாக்டர். அவரைவிட மூத்தவரான மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டருக்கு, இந்தச் சின்னப்பையன் சொல்லி நான் கட்டுவதா என்று ரோஷம். துணி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் இறந்துவிட்டார். பாவம், அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை, ஊரே மூக்கை மூடிக்கொண்டது. இருட்டினால் கவுன், இல்லாவிட்டால் ஃபைன் என்ற ஊரில் படித்தவர் ஒரு நகரத்துக்கே டிரெஸ் கோடு போட்டார்.

அதே ஃப்ரீ ஸ்கூலிலிருந்து கேம்பிரிட்ஜ் போன இன்னொருவர் துங்கு அப்துல் ரஹ்மான். ஆமாம், நம்ம முதல் பிரதமர்தான். கெடா சுல்தானின் மகன், 1920இல் கப்பலேறினார். அவரை நேரே கேம்பிரிட்ஜில் விடவில்லை. ஹண்டிங்டன் பக்கம் ஒரு கிராமத்துப் பாதிரியார் வீட்டில் கொண்டுபோய்ப் படிக்க உட்கார வைத்தார்கள். கேம்பிரிட்ஜையே பட்டிக்காடு என்றேனே, வாபஸ். அந்தக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு கேம்பிரிட்ஜ் நியூயார்க்காகத் தெரிந்திருக்கும்.

செயின்ட் கேதரின்ஸ் காலேஜில் தங்க இடம் கேட்டார். இந்தக் காலேஜ் ஆங்கிலேயப் பையன்களுக்காகக் கட்டியது என்று பதில் வந்ததாம். பிறகு யாரோ காதைக் கடித்தார்கள்: ஐயா, அது இளவரசர்! உடனே காலேஜில் இடம் முளைத்தது. துங்கு வேண்டாம் என்றுவிட்டார். பிறகு லியன் டக் தவறவிட்ட எல்லாவற்றையும் சேர்த்து அனுபவித்தார்: கார், கால்பந்து, குதிரைப் பந்தயம். 1925இல் பி.ஏ. வாங்கினார். சட்டப் படிப்பை எடுத்தார், விட்டார், எடுத்தார், நடுவில் ஒரு உலகப் போரே வந்து போயிற்று. வக்கீலானது 1949இல். எட்டு வருஷம் கழித்துப் பிரதமர். பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிடச் சுதந்திரத்துக்குக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்.

துங்குவுக்கு முன்பே ஜவாஹர்லால் நேரு 1907இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி காலேஜுக்கு வந்தார். வந்த ஊர் அலகாபாத், அப்போதே ஒன்றே முக்கால் லட்சம் ஜனம். டிரினிட்டியில் ஒரு பேச்சு மன்றம். ஒரு டெர்ம் முழுக்க வாயே திறக்காத உறுப்பினர் ஃபைன் கட்ட வேண்டும். நேரு அடிக்கடி ஃபைன் கட்டியிருக்கிறார், சுயசரிதையில் அவரே ஒத்துக்கொள்கிறார். ஊரே ஃபைன் வசூலில்தான் ஓடியது போலிருக்கிறது. பேசாததற்கு அவர் கட்டிய ஃபைனுக்கு வட்டியும் முதலுமாகப் பிற்பாடு இந்தியா நாற்பது வருஷம் உட்கார்ந்து கேட்டது.

அங்கே சுதந்திரப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் வந்து பேசியதையும் நேரு எழுதியிருக்கிறார். சின்ன அறை, பத்துப் பன்னிரண்டு இந்திய மாணவர்கள். பாலோ கடற்கரையில் பத்தாயிரம் பேர் கூடியிருப்பதாக எண்ணி முழங்குகிறார். சத்தத்தில் என்ன சொல்கிறார் என்றே சரியாகப் புரியவில்லையாம். கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்குப் பக்கத்து வரிசையில் மாட்டிக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

இத்தனை பேர் தவித்த ஊருக்கு விரும்பி ஓடிப்போன ஆளும் உண்டு. லீ குவான் யூ. 1946இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போனார். கூட்டம், பஸ், ட்யூப், சமையல் எல்லாம் சேர்ந்து ஒரு டெர்மிலேயே வெறுத்துவிட்டது. பெரிய நகரம் தாங்காமல் சின்ன ஊருக்குத் தப்பித்தார். பின்னாளில் அவர் செய்த வேலை என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? சின்ன ஊர் ஒன்றைப் பெரிய நகரமாக மாற்றியது.

தப்பிப்பதற்கு அவர் பார்த்த நல்ல நேரம் 1947 ஜனவரி. அந்த நூற்றாண்டின் கொடூரமான குளிர்காலங்களில் ஒன்று அந்த மாதம்தான் ஆரம்பித்தது. நாடு முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு. அந்த வருஷக் கடைசியில் அவருடைய காதலி குவா கியோக் சூவும் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்போடு கர்ட்டன் காலேஜுக்கு வந்து சேர்ந்தார். பெண்கள் படிப்பதற்காக, பையன்களிடமிருந்து பத்திரமான தூரத்தில், ஊரைத் தாண்டிக் கட்டிய காலேஜ் அது. லீ சைக்கிளை மிதித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போவார். அதற்குள் இருவரும் ரகசியமாகக் கல்யாணமே பண்ணிக்கொண்டிருந்தார்கள். காலேஜின் பத்திரமான தூரம் அவ்வளவுதான் பயன்பட்டது.

பெண்களுக்கும் முழுப் பட்டம் தரலாம் என்று கேம்பிரிட்ஜ் மனசு வைத்தது 1948இல். 1949இல் குவா முதல் வகுப்பில் தேறினார், லீயும்தான். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் காலேஜில் ஒன்றாகப் படித்தபோது இங்கிலீஷ், எகனாமிக்ஸ் இரண்டிலும் லீயை முந்தியவர் அந்த அம்மாள். 1897இல் பொம்மையைக் கிழித்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று இப்போது தெரிகிறதா?

கடைசியாக நம்ம கணித மேதை ராமானுஜன். அவர் போனது மெட்ராஸிலிருந்து. துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை, திருவல்லிக்கேணி வாசம், ஐந்து லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள பட்டணம். 1914 ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கினார். குடுமி போய்விட்டது, காலர், டை ஏறிவிட்டது. ஷூ மட்டும் கடித்தது. டிரினிட்டி காலேஜின் புனிதமான முற்றங்களில் செருப்போடு நடந்தார். கவுனுக்கு ஃபைன் போட்ட ஊருக்கு செருப்புக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதத் தோன்றவில்லை.

ஒருநாள் மஹலனோபிஸ் அவரைப் பார்க்கப் போனார். இந்தியப் புள்ளியியலின் பிதாமகர், அப்போது கிங்ஸ் காலேஜ் மாணவர். ராத்திரி குளிர் எப்படி என்று விசாரித்தால், ஓவர்கோட்டைப் போட்டு, அதற்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவதாக ராமானுஜன் சொல்கிறார். கம்பளி போதவில்லையோ என்று கட்டிலைப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, மெத்தையோடு இறுக்கிச் செருகி, சுருக்கமே இல்லாமல். அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று நம்மவருக்கு யாரும் சொல்லவில்லை. முடிவிலியின் உள்ளே புகுந்து பார்த்தவர், போர்வைக்கு மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு அதைவிட மோசம். காலேஜ் கிச்சனில் உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் வறுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பக்கமே போகவில்லை. அறையில் அடுப்பு வைத்து, ஊரிலிருந்து பார்சலில் வந்த சாமான்களைப் போட்டு, தானே ரசம் வைத்துக்கொண்டார். யுத்தம் வந்ததும் பார்சலும் சிரமம். வெளியே கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் பூஜ்யங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, உள்ளே நம்மவருக்குப் புளி கையிருப்பு பூஜ்யத்தை நெருங்குவதே பெரிய கவலை.

அப்படிச் சேர்த்து வைத்த புளியில் ஒருநாள் விருந்து. சட்டர்ஜி என்ற நண்பர் மணமுடிக்கப் போகிறார், அவரையும் பெண்ணையும் கூப்பிட்டுச் சமைத்துப் போட்டார். ரசம் பரிமாறினார். நன்றாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு தடவை ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாவது தடவை கரண்டியோடு வந்தார். போதும் என்றுவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். கீழே போய்க் காவலாளியைக் கேட்டால், ராமானுஜன் டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்கிறார். விருந்தாளிகள் பத்து மணி வரைக்கும் காத்திருந்தார்கள். பத்து மணிக்குக் கேட் பூட்டும், கிளம்பியாக வேண்டும்.

ஓடிப்போவது அவருக்குப் புதிதில்லை. 1905இல் கும்பகோணம் காலேஜில் இங்கிலீஷில் கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப் போனபோது யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறியவர். அப்போது பையனைக் காணோம் என்று பேப்பரில் போட்டார்கள். இப்போது பேப்பரில் போட யார் இருக்கிறார்கள்? நாலைந்து நாள் கழித்து அவரே சட்டர்ஜிக்குத் தந்தி கொடுத்தார். பட்டணத்தில் இருந்து வந்த மனுஷர், கேட் பூட்டாத, மாநகரமான லண்டன் ரயில் தூரத்தில் இருக்க, கேம்பிரிட்ஜோடு கோபித்துக்கொண்டு அவர் ஓடிப்போன இடம் ஆக்ஸ்ஃபோர்டு. அதே மணியோசை, அதே கவுன், அதே புல்டாக், அதே முட்டைக்கோஸ். உடனே ஐந்து பவுன் அனுப்பவும் என்பது தந்தி.